படபடப்புக்குத் தந்த இரண்டு குளிசைகளில் எதை விடலாம்?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். கொழுந்து பறிக்கும்போதே என் மனைவிக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், 'செத்துப்போயிருவேன்' என்று அழுவாள். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. கிளினிக்கில் செர்ட்ரலின், குளோனாசெபாம் என்று இரண்டு குளிசை தந்தார்கள். முதலாவதைப் போட்ட ஐந்து நாளும் குமட்டல், படபடப்பும் கூடிவிட்டது. நிறுத்திவிட்டோம். மற்றதைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிறது. அதையே தொடரலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் நிறுத்தியதுதான் நோயைக் குணமாக்கும் குளிசை. கையில் இருப்பது அன்றைய பொழுதைக் கடத்த மட்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பதகளிப்பு நோயில், அதாவது அளவுமீறிய பயமும் பதற்றமும் வரும் நோயில், ஒரு வகை. செர்ட்ரலின் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். ஆனால் குமட்டல், தலைவலி, கூடுதல் படபடப்பு எல்லாம் முதல் வாரமே வந்துவிடும், பெரும்பாலும் இரண்டாம் வாரத்தோடு அடங்கும். குணம் பிந்தி வருவதால்தான் பாதிப் பேர் இடையில் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் குளோனாசெபாமையும் சேர்த்துத் தருவது.

அதையே நாள்தோறும் நான்கு வாரத்துக்கு மேல் போட்டால் உடம்பு பழகிவிடலாம், அளவும் கூடிக்கொண்டே போகலாம். பழகியபின் சட்டென்று நிறுத்தினாலோ படபடப்பு திருப்பி அடிக்கும், வலிப்புகூட வரலாம். அதனால் அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்கக் கலக்கத்தோடு மழை ஈரத்தில் சரிவில் இறங்குவது ஆபத்து. சாராயத்தோடு சேரவே கூடாது.

கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும்தான், ஆனாலும் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு முன்கூட்டியே போங்கள். செர்ட்ரலினை எத்தனை மில்லிகிராமில் தொடங்கினார்கள் என்று பாருங்கள். 50 என்றால், 25இல் தொடங்கி ஒரு வாரம் கழித்துக் கூட்டலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். காலையில் சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். தைரொயிட்டும் இரத்தச் சோகையும் பார்த்தார்களா? இரண்டும் இதே படபடப்பைத் தரும். சோகை மலையகப் பெண்களிடம் நிறையவே உண்டு. கர்ப்பமோ, பாலூட்டுவதோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பக்கத்து லயத்தில் யாராவது படபடப்பைத் தணிக்க என்று புரோப்பிரனோலோல் குளிசை தந்தால் வாங்காதீர்கள். இழுப்பு உள்ளவருக்கு அது மூச்சையே அடைத்துவிடும்.

படபடப்பு வந்ததும் வேலையை விட்டு வீட்டுக்கு ஓடினால், அடுத்த நாள் மலைக்குப் போகவே பயம் வரும். படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். அங்கேயே உட்கார்ந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, அடங்கியதும் திரும்பக் கூடையை எடுக்கட்டும். வெறும் தேத்தண்ணியையும் கொஞ்சம் குறைக்கட்டும். தோட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்பது கஷ்டம்தான்.

சுகமானபின்னும் குறைந்தது ஆறு மாதம் செர்ட்ரலின் தொடர வேண்டும், பிறகு டொக்டர் சொல்லும் விதத்தில் படிப்படியாகக் குறைக்கலாம். இடையில் உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.