மச்சான் சொல்வதும் நிஜம், விமர்சனம் சொல்வதும் நிஜம்

கேள்வி: எங்கள் வீட்டில் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷின்) இருக்கிறது. பழைய டிஸ்க் விற்கும் கடையில் சைபர்பங்க் 2077 கேம் மலிவாகக் கிடைக்கிறது. கம்ப்யூட்டரில் விளையாடும் என் மச்சான் "கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறான். பழைய விமர்சனங்களிலோ கழுவி ஊற்றியிருக்கிறார்கள். யாரை நம்புவது?

பிஎஸ்4-இல் போட்டு விளையாடத்தான் என்றால் வாங்காதீர்கள். அதற்காக உங்கள் மச்சான் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. பெயர் ஒன்றுதான், அவர் விளையாடுவதும் உங்கள் டிவியில் ஓடப்போவதும் ஒன்றல்ல.

இந்த கேம் 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. அதற்கு முன்பே விமர்சகர்கள் கைக்குப் போனது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும்தான். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுத்துத் தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் அதற்கு நூற்றுக்கு 86 மதிப்பெண். பிஎஸ்4 பதிப்புக்கு 57. முதல் பாராட்டுகளை நம்பிப் பிஎஸ்4-க்கு வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு வாரத்திலேயே பிளேஸ்டேஷன் நிறுவனமான சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. மறுபடி விற்பனைக்கு வர 2021 ஜூன் ஆனது.

கோளாறு எங்கே? பிஎஸ்4 என்பது 2013-இல் வந்த மெஷின். உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க், வேகம் குறைவு. கேமில் காரை விரட்டும்போது அடுத்த தெருவின் சுவர், ஆட்கள், விளம்பரப் பலகை எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். கார் போய்ச் சேர்ந்துவிடும், தெரு வந்து சேராது. பலகை முதலில் மழையில் நனைந்த நோட்டீஸ் மாதிரி கலங்கித் தெரியும். நின்று பார்த்தால் அப்புறம்தான் எழுத்து தெளியும். இன்னொன்று, நொடிக்கு 30 படம் என்றால் ஒவ்வொரு படமும் 33 மில்லிநொடிக்குள் தயாராக வேண்டும். சில படங்கள் பிந்தினாலே கைக்குத் தெரிந்துவிடும். பலர் கண்ட்ரோலரைக் குறை சொல்வார்கள், பாவம், அதில் ஒரு பழுதும் இருக்காது.

கம்ப்யூட்டர்தான் எப்போதும் மேல் என்றும் இல்லை. 2015-இல் பேட்மேன்: ஆர்க்கம் நைட் என்ற கேம் பிஎஸ்4 போன்ற கன்சோலில் நன்றாக ஓடியது, கம்ப்யூட்டர் பதிப்போ விற்பனையையே நிறுத்திவைக்கும் அளவுக்கு மோசம்.

சைபர்பங்க் பிறகு நிஜமாகவே தேறிவிட்டது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் அதைப் புது கேம் போலவே ஆக்கியது. உங்கள் மச்சான் ரசிப்பது அதைத்தான். ஆனால் அந்த அப்டேட் பிஎஸ்4-க்கு வரவே இல்லை.

ஒரு வழி இருக்கிறது. டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த பிஎஸ்4 டிஸ்க்கைத் தாராளமாக வாங்கி வையுங்கள். அதைப் போட்டால் பிஎஸ்5 பதிப்பு இலவசமாகவே இறங்கும். நல்ல கதை, அதற்காகக் காத்திருக்கலாம்.

மற்ற கேம்களுக்கும், மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு உங்கள் மெஷினுக்கு உரியதை மட்டும் பாருங்கள், அதிலும் கடைசி அப்டேட்டுக்குப் பின் எழுதியதை. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடை வழியாக வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த நேரத்தைக் கதைக் காட்சிகளில் கழிக்காமல், கூட்டமும் சண்டையும் உள்ள இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே, கேமில் பழுது இருந்தால் ஒழிய, பணம் வராது. அதனால் அங்கே டெமோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் உங்களிடம் உள்ள அதே மாடலில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.