பிரிசிஷனா, ஜாஸ் பேஸா, ரிக்கன்பேக்கரா? முதல் பேஸ் வாங்கப் போறவருக்கு

மதுரைப் பக்கத்துலேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். ஏழு வருஷமா லைட் மியூசிக் ட்ரூப்ல ரிதம் கிட்டார் வாசிக்கிறாராம், அங்க பேஸ் வாசிச்சவர் வெளிநாடு போயிட்டதால இப்ப இவரைப் பேஸுக்கு மாறச் சொல்றாங்க. "உலகத்துலயே பேர் போன பேஸ் கிட்டார் எதுன்னு தேடினா பிரிசிஷன், ஜாஸ், ரிக்கன்பேக்கர், ஹோஃப்னர், ஸ்டிங்ரேன்னு அதே அஞ்சு பேருதான் திரும்பத் திரும்ப வருது. அதுல அப்படி என்ன விசேஷம், எனக்கு எது ஒத்துவரும், ஒரிஜினல் வாங்குற வசதி இல்ல, அதே டிசைன்ல விலை கம்மியா வர்றதை வாங்கினா அந்த சவுண்ட் வருமா?" இதுதான் கேள்வி.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். பிரிசிஷன் டைப் வாங்குங்க, இல்லன்னா பிஜேன்னு சொல்றாங்களே, பிரிசிஷன் பிக்கப்போட (ஸ்ட்ரிங் அதிர்வை கரண்ட் சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) பிரிட்ஜ் பக்கம், அதாவது உடம்புல ஸ்ட்ரிங் முடியுற இடத்துப் பக்கம், ஒரு ஜாஸ் பிக்கப்பும் இருக்குறது, அதை வாங்குங்க. விலை கம்மியானதே போதும், மிச்சக் காசை ஸ்ட்ரிங்குக்கும் செட்டப்புக்கும் (நெக், ஸ்ட்ரிங் உயரமெல்லாம் சரி பண்றது) எடுத்து வைங்க. ஏன்னா அந்த அஞ்சு பேஸும் அழகுக்காக பேர் வாங்கல, ஒவ்வொண்ணும் வாசிக்கிறவனுக்கு இருந்த ஏதோ ஒரு கஷ்டத்தைத் தீர்த்துச்சு, உங்க கஷ்டம் எதுன்னு தெரிஞ்சா எந்த பேஸ்னு தானா தெரிஞ்சுடும்.

பிரிசிஷன்லேர்ந்து வருவோம். 1951-ல கலிஃபோர்னியாவுல ஃபுல்லர்டன்ங்கிற ஊர்ல லியோ ஃபெண்டர் இதைக் கொண்டு வந்தார். அதுக்கு முன்னாடி 1930கள்லயே சியாட்டில்ல பால் டட்மார்க்னு ஒருத்தர் ஃப்ரெட் (நெக்ல குறுக்க பதிச்ச கம்பி) வச்ச எலெக்ட்ரிக் பேஸ் பண்ணிட்டார், ஆனா அது பரவல. ஃபெண்டர் காலத்துல டான்ஸ் பேண்டுல பேஸ்னா ஆள் உயரத்துக்கு நிக்கிற டபுள் பேஸ்தான், கார்ல ஏத்துறதே கஷ்டம், ட்ரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் சேர்ந்தா யாருக்கும் கேக்காது, ஃப்ரெட் இல்லாததால சுருதி பிசகாம வாசிக்கவே வருஷக்கணக்கா பழகணும். இவர் ஃப்ரெட் போட்டு, தோள்ல மாட்டுற மாதிரி சின்னதாக்கி, ஆம்ப்ல குத்துற மாதிரி பண்ணிட்டார். ஃப்ரெட்டை அழுத்தினா சுருதி துல்லியமா வந்துடுங்கிறதுதான் பிரிசிஷன்ங்கிற பேருக்கே காரணம். அதாவது கிட்டார் வாசிக்கிறவன் ஒரு வாரத்துல பேஸ்காரனா மாறணும்னே பண்ணின கருவி, சரியா உங்க நிலைமைக்கு!

1957-ல பிக்கப்பை ரெண்டாப் பிளந்து மேலயும் கீழயுமா தள்ளி வச்சாங்க, ஒரு பாதி தடி ஸ்ட்ரிங் ரெண்டுக்கு, இன்னொரு பாதி மெல்லிசு ரெண்டுக்கு. ரெண்டையும் எதிரெதிரா சுத்தியிருக்கிறதால ஹம், அதாவது "ங்ங்"னு வர்ற கரண்ட் இரைச்சல், அடிபட்டுப் போயிடும். இன்னிக்கு வரைக்கும் அந்த டிசைன் பெருசா மாறல, மாத்த வேண்டிய தேவையும் வரல.

இந்த பேஸ் பேர் வாங்கினது ஜேம்ஸ் ஜேமர்சன் கையால. டெட்ராய்ட்ல மோடவுன் ரெக்கார்ட் கம்பெனியோட ஸ்டுடியோ பேண்டுல இருந்தவர், 1960கள்ல உலகம் பூரா ஓடின எத்தனையோ பாட்டுக்கு அவர்தான் பேஸ், ஆனா ரொம்ப வருஷத்துக்கு ரெக்கார்ட் அட்டையில அவர் பேரே இருக்காது, இதை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல. அவர் வச்சிருந்தது 1962 பிரிசிஷன். அதுல லா பெல்லா கம்பெனியோட தடியான ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங், அதாவது சொரசொரப்பே இல்லாம வழவழன்னு இருக்கும், அறுந்தா ஒழிய மாத்தவே மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில ஸ்பாஞ்ச் வச்சு ஸ்ட்ரிங் ரொம்ப நேரம் அதிராம அமுக்கியிருப்பார். வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணு மட்டும்தான். டபுள் பேஸ் வாசிச்சுப் பழகினவர்ங்கிறதால அந்தப் பழக்கம். அந்த பேஸ் அவர் 1983-ல சாகுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி திருடு போச்சு, இதுவரைக்கும் கிடைக்கல.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, அந்த சவுண்ட்ல பாதி மரமும் பிக்கப்பும் இல்ல, பழைய ஸ்ட்ரிங், ஸ்பாஞ்ச், ஒரு விரல். நீங்களே பண்ணிப் பாருங்க, பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்சை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி பிரிட்ஜ் ஓரமா ஸ்ட்ரிங்குக்கு அடியில சொருகுங்க, ரொம்ப இறுக்காம, சும்மா தொட்டுக்கிட்டு இருக்குற அளவுக்கு. டோன் நாபைப் பாதிக்குக் குறைச்சிட்டு வாசிங்க. விலை கம்மியான பேஸ்லயே "தும், தும்"னு அந்த உருண்டையான சத்தம் வந்து நிக்கும், நான் பாடம் எடுக்கிற பசங்ககிட்ட முதல் நாளே இதைச் செஞ்சு காட்டுவேன், முகம் மாறிடும்.

அடுத்தது ஜாஸ் பேஸ், 1960. அதே ஃபெண்டர்தான், ஆனா ரெண்டு தனித்தனி பிக்கப், நெக் மெலிசு. நட் கிட்ட, அதாவது நெக்கோட தலைப்பக்க முனையில, அகலம் 38 மில்லிமீட்டர்தான், பிரிசிஷன்ல பொதுவா 41-லேர்ந்து 44 வரைக்கும் போகும். கிட்டார்லேர்ந்து வர்ற கைக்கு ஜாஸ் நெக் ரொம்ப சுலபமா இருக்கும், விரல் சின்னதா இருந்தா நிச்சயம் இதையும் கையில எடுத்துப் பாருங்க. பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் ஸ்ட்ரிங்கோட நுனிக்குக் கிட்ட இருக்கிறதால அங்க மேல் ஸ்தாயி ஒலிகள் அதிகம் விழும், அதான் அந்த உறுமல் மாதிரி சத்தம். ஜேகோ பாஸ்டோரியஸ் இதை வச்சுத்தான் உலகத்தையே திரும்பிப் பாக்க வச்சார். 1962 ஜாஸ் பேஸ்ல ஃப்ரெட்டையெல்லாம் பிடுங்கி எடுத்துட்டு, அந்தக் கோடுகளை அடைச்சு, மேல படகுக்குப் பூசுற எப்பாக்ஸியைப் பூசி ஃப்ரெட்லெஸ் ஆக்கிட்டார். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வழுக்கல் ஒண்ணும் புதுசா இருக்காது, ஆனா ஒரு எலெக்ட்ரிக் பேஸ் அப்படிப் பாடி அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. 1986-ல அது நியூயார்க்ல திருடு போச்சு, மறுவருஷமே 35 வயசுல அவரும் போயிட்டார், பேஸ் மட்டும் ரொம்ப வருஷம் கழிச்சுக் கிடைச்சு, மெட்டாலிகா பேண்டுல பேஸ் வாசிக்கிற ராபர்ட் ட்ருஹியோ உதவியால மீட்கப்பட்டுச்சு.

ஜாஸ் பேஸ்ல நீங்க கவனிக்க வேண்டியது ஹம். ரெண்டு வால்யூமையும் முழுசா வச்சா அந்த இரைச்சலே இருக்காது, ஒண்ணைக் கொஞ்சம் குறைச்சாலும் "ங்ங்ங்"னு ஆரம்பிச்சுடும். வீட்டுல இது பெரிய விஷயமில்ல, ஆனா கல்யாண மண்டபத்துல மேடைக்குப் பின்னாடி சீரியல் லைட்டு, டிம்மர், எர்த் சரியில்லாத பிளக் பாயிண்ட், அத்தனையும் அந்த பிக்கப்புக்குள்ள வந்து உக்காந்துக்கும். ட்ரூப் ஆளுக்கு நான் பிரிசிஷன்னு சொல்றதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொரு காரணமும் இருக்கு. பேஸ்ல தடியான ஈ ஸ்ட்ரிங் சும்மா தட்டினா 41 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73, ஜி 98. நம்ம ஊர் கச்சேரிக்கு வர்ற ஸ்பீக்கர் எத்தனையில அந்த 41 ஒழுங்கா வெளிய வரும்? ஜனங்க காதுல விழுறது பெரும்பாலும் அதுக்கு மேல இருக்குற 82, 123ன்னு வர்ற மடங்குகள்தான், அதை வச்சு மூளை அடி சுரத்தைத் தானா புரிஞ்சுக்குது. பிரிசிஷனுக்கு இயல்பாவே நடு பாகம் தூக்கலா இருக்கும், தனியா வாசிக்கிறப்ப கொஞ்சம் கரடுமுரடா தெரியும், தபலா கீபோர்டு பாட்டு எல்லாம் சேர்ந்ததும் சரியா தன் இடத்துல போய் உக்காந்துடும். கடையில தனியா வாசிச்சுப் பாத்து "இது டல்லா இருக்கே"ன்னு பளபளன்னு கேக்குறதை வாங்கிட்டு மேடையில காணாமப் போனவங்க நிறைய பேர்.

ஹோஃப்னர் 500/1, வயலின் ஷேப்ல இருக்குமே அது, ஜெர்மனியில 1950கள் நடுவுல வந்தது. பீட்டில்ஸ் பேண்டோட பால் மெக்கார்ட்னி 1961-ல ஹாம்பர்க்ல கிட்டத்தட்ட 30 பவுண்டுக்கு வாங்கினார். விலை கம்மி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதால இடது கைக்காரருக்குத் திருப்பிப் பிடிச்சாலும் அசிங்கமா தெரியாது, அவ்வளவுதான் காரணம்! அந்த பேஸ் 1972-ல லண்டன்ல ஒரு வேன்லேர்ந்து திருடு போய், 50 வருஷத்துக்கும் மேல கழிச்சு அவர்கிட்டயே திரும்பி வந்துடுச்சு, 2024-ல செய்தி வந்தப்ப எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. உள்ள கூடு, அதனால ரொம்ப லேசு, ஃபெண்டர்ல ஸ்ட்ரிங் நீளம் 34 இன்ச்னா இதுல 30தான், இழுவிசை கம்மி, சத்தம் பஞ்சு மாதிரி. முதுகுவலி இருக்குறவங்க தாராளமா யோசிக்கலாம், ஹோஃப்னரே விலை கம்மியா இக்னிஷன்னு ஒரு வரிசை விடுறாங்க. ஆனா கூடான பேஸை மானிட்டர் ஸ்பீக்கருக்கு முன்னாடி நின்னு வாசிச்சா ஃபீட்பேக் வந்து படுத்தும், சின்ன மேடையில அந்தத் தொல்லை வேண்டாம்.

ரிக்கன்பேக்கர் 4001, 1961. நெக் மரமே உடம்பு வழியா கடைசி வரைக்கும் ஓடும், மேப்பிள் மரம், பிக் வச்சு வாசிச்சா மணி அடிச்ச மாதிரி கணீர்னு வரும். யெஸ் (Yes) பேண்டோட கிறிஸ் ஸ்க்வயர், மோட்டர்ஹெட் லெம்மி இவங்க சவுண்டுக்காக உயிரை விடுறவங்களுக்குத்தான் இது. உங்களுக்கு வேண்டாம்னு நேராவே சொல்லுவேன், காசும் அதிகம், அந்தக் கம்பெனி தன்னோட ஷேப்பை யாரும் காப்பி அடிக்கக் கூடாதுன்னு கடுமையா இருக்கிறதால முறையா வர்ற விலை கம்மி மாடலும் கிடையாது, ஆன்லைன்ல கம்மியா பாத்தீங்கன்னா அது போலிதான்.

மியூசிக் மேன் ஸ்டிங்ரே 1976. இதுலயும் லியோ ஃபெண்டர் கை இருக்கு, தன் பேர்ல இருந்த கம்பெனியை வித்துட்டு வந்த பிறகு வேற ரெண்டு பேரோட சேர்ந்து பண்ணினது. பெரிய ஹம்பக்கர் (ஹம்மை அடக்குற பிக்கப்) ஒண்ணு, உள்ளயே 9 வோல்ட் பேட்டரியில ஓடுற ப்ரீஆம்ப், பேஸையும் ட்ரெபிளையும் கருவியிலேயே ஏத்தி இறக்கலாம். ஷிக் பேண்டோட பெர்னார்ட் எட்வர்ட்ஸ் டிஸ்கோ காலத்துல இதுல வாசிச்சது இன்னிக்கும் கேக்கப் புதுசா இருக்கும், பிற்பாடு ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் பேண்டோட ஃப்ளீ. ஸ்லாப், அதாவது கட்டை விரலால ஸ்ட்ரிங்கை அறைஞ்சு வாசிக்கிறது, உங்களுக்கு முக்கியம்னா இதோட விலை கம்மி வரிசையான ஸ்டெர்லிங் பாருங்க. ஒரே எச்சரிக்கை, கேபிளை ஜாக்ல சொருகினாலே பேட்டரி ஓட ஆரம்பிச்சுடும், ராத்திரி பூரா அப்படியே விட்டுட்டு மறுநாள் ரிசப்ஷன்ல ரெண்டாவது பாட்டுலயே சத்தம் நசுங்கிப் போய் தவிச்ச ஒரு தம்பியை எனக்குத் தெரியும். இப்படி பேட்டரியில ஓடுற ஆக்டிவ் பேஸ் எது வாங்கினாலும் பையில ஒரு பேட்டரி உபரியா இருக்கணும்.

தலையே இல்லாத ஸ்டைன்பெர்கர், கார் டிசைனர் வரைஞ்ச கிப்சன் தண்டர்பேர்ட் இதெல்லாமும் பட்டியல்ல வரும், பாத்து ரசிங்க, முதல் பேஸுக்கு இல்ல.

நீங்க வாசிக்கப் போறதுல பாதிக்கு மேல இளையராஜா பாட்டாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன், அதுல பேஸ் சும்மா அடி சுரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்காது, பாட்டுக்கு எதிரா இன்னொரு பாட்டு பாடும், அவர்கிட்ட பேஸ் வாசிச்ச சசிதரன் வாசிச்சதையெல்லாம் ஹெட்ஃபோன்ல கேட்டா தெரியும். அதுக்கு மேல் ஃப்ரெட்லயும் சத்தம் சீரா வரணும். அங்கதான் விலை கம்மி பேஸ்ல செட்டப் முக்கியம். கடையில இதைச் செய்யுங்க: ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்லயும், நெக் உடம்போட சேர்ற இடத்து ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அழுத்திப் பிடிங்க, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் கிட்ட ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கிட்டுப் போற அளவு இடைவெளி இருந்தா நெக் நல்லா இருக்கு. அதை விட ரொம்ப அதிகமா இருந்தாலோ இடைவெளியே இல்லன்னாலோ நெக்குக்குள்ள இருக்குற ட்ரஸ் ராட்ங்கிற இரும்புக் கம்பியைத் திருகி சரி பண்ணலாம், ஆனா அந்த ராட் திரும்புதான்னு கடைக்காரரையே உங்க கண்ணு முன்னாடி கால் சுத்து திருகிக் காட்டச் சொல்லுங்க.

ஃபெண்டரோட விலை கம்மி பிராண்ட் ஸ்க்வயர், அதுல பிரிசிஷன், பிஜே ரெண்டும் வருது, தாராளமா நம்பி வாங்கலாம். வந்ததும் ஸ்ட்ரிங்கை மாத்துங்க, பழைய பாட்டு அதிகம்னா ஃப்ளாட்வவுண்ட், எல்லாம் கலந்து வாசிக்கணும்னா சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட். கிட்டார் ஆம்ப்ல பேஸைப் போட்டு சத்தமா வைக்காதீங்க, ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சுடலாம், ஆம்ப் இல்லன்னா ஒரு டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துற சின்னப் பெட்டி) வாங்கி நேரா மிக்ஸருக்குக் கொடுங்க.

காசு கொடுக்குறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு, ஜி ஸ்ட்ரிங்ல நாலாவது ஃப்ரெட்லேர்ந்து எட்டு வரைக்கும் ஒவ்வொண்ணா அடிச்சு நிறுத்தாம விடுங்க. ஃபெண்டர் டைப் பலதுலயும் அஞ்சு, ஆறு, ஏழு பக்கம் ஏதாவது ஒரு சுரம் மத்ததை விட சீக்கிரம் செத்துப் போகும், நெக் அந்த சுரத்தோட சேர்ந்து அதிர்றதால அப்படி, லட்ச ரூபா பேஸ்லயும் இருக்கும். லேசா இருந்தா பரவாயில்ல, "டக்"னு ஒரு செகண்டுல அணைஞ்சுடுச்சுன்னா அதே மாடல்ல வேற பீஸ் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.