ஈரானின் கஸ்வீன் நகருக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: தெஹ்ரானும் இஸ்ஃபஹானும் பார்க்கிறோம். கஸ்வீனுக்கும் போகத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் போங்கள். தெஹ்ரானிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். இஸ்ஃபஹானுக்கு முன்பு, ஈரானை ஆண்ட சஃபாவி மன்னர்களின் தலைநகரம் இதுவே. அதற்கு முந்தைய தலைநகரமான தப்ரீஸ் உஸ்மானியத் துருக்கியர் படையெடுப்புக்கு எளிதில் இலக்கானதால், 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷா தஹ்மாஸ்ப் அரசவையை இங்கே மாற்றினார். 1598இல் ஷா அப்பாஸ் இஸ்ஃபஹானுக்குப் பெயர்ந்துவிட்டார். கஸ்வீனைப் பார்த்துவிட்டு இஸ்ஃபஹானுக்குப் போனால் அதன் பிரமாண்டம் எங்கிருந்து வளர்ந்தது என்பது விளங்கும்.

கேள்வி: கஸ்வீன், இஸ்ஃபஹான் இரண்டு ஊரிலும் செஹெல் சொதூன் என்ற மண்டபம் இருக்கிறதே, எதைப் பார்ப்பது?

பதில்: இரண்டையும். கஸ்வீனில் இருப்பது தோட்டத்துக்கு நடுவே நிற்கும் சிறிய இரண்டு அடுக்கு மண்டபம். உள்ளே எழுத்துக்கலை அருங்காட்சியகம். நஸ்தாலிக் என்ற பாரசீக எழுத்துப் பாணியின் பெரும் கலைஞர் மீர் எமாத் பிறந்த ஊரில் அது இருப்பதுதான் முறை.

கேள்வி: கையில் அரை நாள்தான். ஒரே இடம் சொல்லுங்கள்.

பதில்: சாத் அல்-சல்தனே சத்திரம். கஜார் மன்னர்கள் காலத்து வணிகர்கள் சரக்கோடு வந்து தங்கிய இடம். இப்போது கைவினைக் கடைகளும் தேநீர்க் கடைகளும் இருக்கின்றன. செங்கல் வளைவுகளுக்கு அடியில் நடந்துகொண்டே இருங்கள். வழிகள் கூடும் இடத்தில் அண்ணாந்து பாருங்கள்: குவிமாடத்தின் உச்சித் துளை வழியே வெளிச்சம் தூணாக இறங்கும், சுற்றிலும் செங்கல் வரிகள் சுழன்று ஏறும். அரை நாளும் அங்கேயே கழிந்தாலும் நட்டமில்லை.

கேள்வி: அலமூத் கோட்டைக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

பதில்: விடியற்காலையில் கிளம்பினால் முடியும். மலைப்பாதை வளைந்து வளைந்து போகும், கடைசியில் படியேற்றமும் உண்டு. 1090இல் நிஸாரி இஸ்மாயிலிகள் என்ற ஷியாப் பிரிவின் தலைவர் ஹசன் சபா கைப்பற்றிய கோட்டை 1256இல் மங்கோலியர்களிடம் விழுந்தது. மிஞ்சியிருப்பது அடித்தளங்களும் பாறையில் குடைந்த நீர்த்தொட்டிகளும்தான். ஆனால் அந்த உச்சியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால், இத்தனை காலம் அதை ஏன் பிடிக்க முடியவில்லை என்று புரிந்துவிடும். குளிர்காலத்தில் வேண்டாம், பனி வழியை மறிக்கும்.

கேள்வி: அங்கே என்ன சாப்பிடலாம்?

பதில்: கெய்மே நெசார். குங்குமப்பூச் சோற்றின் மேல் ஆட்டிறைச்சி, சீவிய பாதாம், பிஸ்தா, ஆரஞ்சுத் தோல், புளிக்கும் செரெஷ்க் பழம். சைவர்கள் கத்தரிக்காயில் செய்யும் மிர்சா காசெமி கேளுங்கள். முட்டை சேர்ப்பார்கள், முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நம் வங்கி அட்டை செல்லுமா?

பதில்: செல்லாது. பொருளாதாரத் தடையால் விசா, மாஸ்டர்கார்டு எதுவும் ஈரானில் வேலை செய்யாது. ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் தோமானில் விலை சொல்வார், நோட்டில் ரியால் இருக்கும். பத்து ரியால் ஒரு தோமான். கிளம்பும் முன் இந்திய அரசின் பயண அறிவுரையையும் பார்த்துவிடுங்கள்.