கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு நிலத்தை விற்காதீர்கள்

பையனை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு போன சனிக்கிழமை நீங்களும் அவன் அம்மாவும் மச்சானும் அவனோடு வந்தபோது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கையிலிருந்த நோட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தான். உங்கள் மொபைல் சர்வீஸ் கடைக்கு எந்த டிஸ்ப்ளே, சார்ஜ் ஏற்றும் எந்தச் சிப் (சார்ஜிங் ஐ.சி.) யாரிடம் வாங்கியது, சொன்ன தேதி என்ன, வந்த தேதி என்ன என்று வரிவரியாக எழுதியிருக்கிறான். 2023 மிக்ஜாம் புயலுக்கு இரண்டு நாள் முன்பே சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலிருந்து பஸ்ஸில் பார்சல் போடச் சொன்னவனும் அவன்தானாம்.

பயப்படாதீர்கள் என்று அன்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் 12 லட்சம் கட்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்குவது தப்பு. மச்சானின் மகன் பெங்களூரில் இருக்கிறான் என்பது உங்கள் நிலத்தை விற்கக் காரணமாகாது.

அவன் நோட்டில் செய்வது ஒரு தொழில்: சப்ளை செயின் பிளானிங், அதாவது எந்தப் பாகம் யாரிடமிருந்து எப்போது வர வேண்டும் என்று திட்டமிடுவது, அதிலும் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகங்கள். அதன் அருமை பேரிடரில்தான் தெரியும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஜப்பானின் ஹிடாச்சிநாகா ஊரில் ரெனசாஸ் என்ற சிப் நிறுவனத்தின் நாகா ஆலை நின்றுபோனது. கார்களுக்கான மைக்ரோகண்ட்ரோலர், அதாவது இன்ஜின் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் சிப், செய்யும் இடம். வேறு ஆலையில் போட்டுக்கொள்ளலாமே என்றால் முடியாது, அந்த ஆலையின் கருவிகளுக்குத் தக்கபடி செய்முறையை மாற்றி, சோதித்து, கார் கம்பெனி ஒப்புக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். வேஃபர் என்ற சிலிக்கான் தட்டு உள்ளே போய் சிப்பாக வெளியே வரவும் மாதக்கணக்குதான். அதனால் கார் கம்பெனிகளே ஆள் அனுப்பின. ஒரு நாளைக்கு 2,500 பேர் வரை நின்று, சிப் செய்யும் தூசியில்லாத அறையான க்ளீன் ரூமைச் சரிசெய்தார்கள். ஜூலை என்று நினைத்திருந்த உற்பத்தி ஜூன் 1-லேயே தொடங்கியது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அப்புறம் நடந்ததுதான். பல சப்ளையர்களிடம் பிரித்து வாங்குகிறோம் என்று டொயோட்டா நம்பியிருந்தது. தோண்டிப் பார்த்தால் அவர்களில் பலர் கீழே ஒரே ஆலையை நம்பியிருந்தார்கள். எந்தப் பாகம் எந்த ஊரில் எந்த ஆலையில் செய்யப்படுகிறது என்று அடிமட்டம் வரை பதிவு செய்யத் தொடங்கினார்கள். தேவைக்கு மட்டும் வாங்கும் முறைக்குப் பேர்போன அந்த கம்பெனி, சிப்புகளை 2 முதல் 6 மாதத்துக்குக் கையிருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021 சிப் தட்டுப்பாட்டில் மற்றவர்கள் தடுமாறியபோது அது பல மாதம் தாக்குப்பிடித்தது. உங்கள் பையனின் நோட்டும் அந்தப் பதிவும் ஒரே ஜாதி.

சரி, வழி என்ன? கவுன்சிலிங்கில் கிடைக்கும் இ.சி.இ. அல்லது புரொடக்‌ஷன் எடுக்கட்டும். கல்லூரிப் பெயருக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய் கட்டாதீர்கள். எக்செல் இப்போதே பழகட்டும், பாகங்களின் விவரக் குறிப்பான டேட்டாஷீட் படிக்கட்டும், லீவில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஏதாவது ஆலையின் ஸ்டோர்ஸிலோ பர்சேஸிலோ இன்டர்ன்ஷிப் கேட்கட்டும். சி.பி.ஐ.எம். என்ற சப்ளை செயின் பிளானிங் சான்றிதழ் என்று யாராவது ஆசை காட்டினால் இப்போது வேண்டாம், கட்டணம் டாலரில். வேலைக்குப் போய் இரண்டு வருடம் கழித்து கம்பெனி பணத்தில் எழுதலாம். ஆரம்பச் சம்பளம் மச்சான் மகனைவிடக் குறைவாகத்தான் இருக்கும், பாகம் வராத இரவில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். இதை அவனிடமும் சொல்லிவிட்டேன், தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டுவதாக இருந்தீர்கள். கட்டாதீர்கள். அன்று மாலை அவனை மட்டும் அனுப்புங்கள், நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், கவுன்சிலிங்குக்கான சாய்ஸ் லிஸ்ட்டை உட்கார்ந்து போட்டுவிடுவோம்.