வாசகர் கேள்வி–பதில்: கடாரத்துக் கற்களைப் பார்ப்பது எப்படி?

கேள்வி: பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளைப் பூஜாங் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போகிறேன். அங்குள்ள சண்டிகள் (பழங்காலக் கோயில்கள்) எல்லாம் ராஜேந்திர சோழன் கட்டியவைதானா? ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?
– வாசகி, பீடோங்

பதில்: இல்லை, அம்மா. ராஜேந்திரனின் கடற்படை கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, தாக்கியது 1025இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. 1834இல் செபராங் பிறையில் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்வெட்டில் புத்தகுப்தன் என்ற மாலுமியின் பெயர் இருக்கிறது. எழுத்தின் அமைப்பை வைத்து அதை 5ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ஆகவே பிள்ளைகளுக்குப் படையெடுப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இந்த ஊரை வளர்த்தது வணிகமும் இரும்பும்.

அந்த இரும்பைப் பார்க்க, காலையிலேயே செமலிங் பக்கம் உள்ள சுங்கை பத்துவுக்குப் போய்விடுங்கள். செம்பனைக்கு நடுவே திறந்தவெளி. பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த இடம் அது. உடைந்த மண்குழாய்களைத் தேடிப் பாருங்கள். துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்தியவை அவை. உலைக்குள் இருந்த முனை சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் பளபளக்கும். வெளியே இருந்த முனை வெறும் சுட்ட மண்ணாகவே இருக்கும். எது உள்முனை என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். செங்கல் படகுத்துறை ஒன்றும் உண்டு. ஆறு தூர்ந்துபோனதால் இன்று அது தரைமேல் நிற்கிறது. இந்த இடத்தின் வயதுக்குக் கி.மு. காலக் கணக்குகள் சொல்வார்கள். அவற்றில் அறிஞர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

பிறகு மெர்போக் அருங்காட்சியகம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வளாகத்தில் உள்ள சண்டிகளில் பிறந்த இடத்திலேயே இருப்பது புக்கிட் பத்து பகாட் ஒன்றுதான். மற்றவற்றை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துவந்து அடுக்கினார்கள். அந்த ஒன்றுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். கருங்கல் மேடையில் கருவறை இருந்த பகுதியும் முன்மண்டபமும் தனித்தனியே தெரியும். கோபுரம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேல்கட்டு மரம், அது மக்கிப்போனது. தூண்களைத் தாங்கிய அடிக்கற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைத் தொட்டு எண்ணினால் மண்டபத்தின் அளவு மனதில் நிற்கும். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், கவனம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கால்வாய் வெட்டும்போது பழைய செங்கல்லும் ஓட்டுச் சில்லும் வந்தன. எடுத்துக் கழுவி வைக்கலாமா?
– வாசகர், மெர்போக்

பதில்: கழுவாதீர்கள், இடத்தை விட்டு நகர்த்தவும் வேண்டாம். சில்லு எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும். எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு. அளவு தெரிய, பக்கத்தில் ஒரு காசை வைத்துப் படம் எடுங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு வெட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தாமதம் வேண்டாம். சண்டி 11 என்று பதிவான இடமே நில மேம்பாட்டு வேலையில் மண்வாரி இயந்திரத்துக்கு இரையாகி, 2013இல்தான் ஊருக்குத் தெரியவந்தது.