அடியில் கிரீடமும் H-உம் இருந்தால் மட்டும் போதாது

ஒரு பீங்கான் தட்டு, அடியில் முத்திரையாக நீலக் கிரீடம், அதன் கீழே H மாதிரி ஒரு எழுத்து, முன்பக்கம் நடுவில் குதிரைப்படை வீரர்கள் படம், "1830கள், அசல்" என்று விற்பவர் அடித்துச் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஆங்கில H இல்லை, ரஷ்ய 'ந'. பக்கத்தில் I இருந்தால் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலாய் காலம், அதாவது 1825க்கும் 1855க்கும் நடுவில், பீட்டர்ஸ்பர்க் அரச பீங்கான் ஆலையில் செய்தது என்று அர்த்தம்.

ஆனால் முத்திரை சொல்வது தட்டின் வயதைத்தான், ஓவியத்தின் வயதை இல்லை. பழைய வெள்ளைத் தட்டை எடுத்துப் பிற்பாடு படம் தீட்டிச் சுட்டு விற்கிற வேலை இதில் சகஜம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: மறுபடி சூளைக்குப் போன பழைய பீங்கானில் பல சமயம் குட்டிக் கரும்புள்ளிகள் கிளம்பியிருக்கும். படமே சீரான புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு, மேலே பேசவே வேண்டாம். அசலில் பித்தான், குதிரைச் சேணம் வரைக்கும் தூரிகை வேலை தெரியும், ஏனென்றால் ராணுவச் சீருடைகளைக் காட்டும் அச்சுப் படங்களைப் பார்த்து அப்படியே வரைந்தார்கள், சீருடையில் பிசகினால் படைப்பிரிவே மாறிவிடும் இல்லையா. பின்பக்கம் படைப்பிரிவின் பெயரும், படத்தின் ஓரத்தில் ஓவியர் கையெழுத்தும் பல தட்டுகளில் இருக்கும்.

அப்புறம், முத்திரை, பின்பக்க எழுத்து, விளிம்புத் தங்கம் மூன்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.