ஆடி மாதத்தில் எழுதுங்கள்

கேள்வி: சென்னையில் இருக்கிறேன், வயது 31. சிற்றிதழ்களில் கதை எழுதுகிறேன், ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. பிழைப்புக்கு டிஜே வேலை: கல்யாண ரிசப்ஷன், ஈ.சி.ஆர். ரிசார்ட் பார்ட்டி, எப்போதாவது ஹோட்டல் பார். இலக்கிய நண்பர்கள் ‘குத்துப்பாட்டு எழுத்தாளர்’ என்று கிண்டல் செய்கிறார்கள். ஒரு வருடமாக நாவல் முப்பது பக்கத்தைத் தாண்டவில்லை. போன வாரம் செவ்வாய் புத்தக வெளியீடு, புதன் கவிதை வாசிப்பு, வியாழன் ஓவியக் கண்காட்சித் திறப்பில் ‘நம்ம பொண்ணுதானே’ என்று கூப்பிட்டு இலவசமாகப் பாட்டுப் போட வைத்தார்கள், வெள்ளி விமர்சனக் கூட்டம், சனி ஞாயிறு ரிசப்ஷன். வீட்டுக்கு வந்து படுத்தால் காதில் ஙொய்யென்று சத்தம், தூக்கம் வர நாலு மணி ஆகிறது. ரிசார்ட்டில் பாட்டு லைசென்ஸ் பணத்தையும் என்னையே கட்டச் சொல்கிறார்கள். டிஜே வேலையை விட்டுவிடட்டுமா? விடாவிட்டால், இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: விட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அந்த வாரத்தையே பாருங்கள். காசு வந்தது சனியும் ஞாயிறும். மற்ற நாலு சாயங்காலம் எங்கே போயிற்று? நுங்கம்பாக்கத்தில் ஆறு மணிக் கூட்டம் என்றால் வேளச்சேரியிலிருந்து நாலரைக்குக் கிளம்ப வேண்டும். ஆறரைக்குத் தொடங்குவார்கள். வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை எல்லாம் முடிய எட்டரை. உண்மையான விமர்சனம் அதற்கப்புறம் டீக்கடையில்தான் நடக்கும் என்பதால் அங்கிருந்தும் நகர மனம் வராது. வீடு வந்து சேரும்போது பத்தரை. உங்கள் நாவலைத் தின்பது கல்யாண மண்டபம் இல்லை, இலக்கிய நட்பு. வாரத்துக்கு ஒரு கூட்டம் போதும். வராதவர்களைப் பற்றி நாலு பேர் பேசத்தான் செய்வார்கள், பேசட்டும். புத்தகம் வந்த பிறகும் பேசத்தான் போகிறார்கள்.

கிண்டலைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. லா.ச.ரா. வங்கியில் இருந்தார், அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார், சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார். துணி அளந்தால் கௌரவம், பாட்டுப் போட்டால் கேவலமா? கிண்டல் செய்கிறவர்களில் பாதிப் பேர் கூம்பு ஸ்பீக்கரில் ‘சவுண்ட் சர்வீஸ்’ அண்ணன் போட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஒருநாள் அவர்களை உங்கள் கன்சோல் பக்கத்தில் நிற்க வையுங்கள். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் போகும் குத்துப்பாட்டிலிருந்து நாலு நாலாக எண்ணும் சதுஸ்ரத்தில் போகும் பாட்டுக்கு மாறுவது, வேகத்தைத் தானாகப் பொருத்தும் ‘சிங்க்’ பட்டனை அழுத்தினால் ஆகிற காரியமா? அந்த மாதிரிப் பாட்டுக்கு மென்பொருள் கணக்குப் போட்டுக் காட்டும் வேகமே பல நேரம் தப்பாக இருக்கும். பல்லவி முடிகிற இடத்தில் கொஞ்சம் எக்கோ விட்டு, சட்டென்று வெட்டி, அடுத்த பாட்டின் முதல் அடியில் சரியாக இறங்க வேண்டும். ஆடுகிறவர்களின் கால் நிற்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து ஒரு மாமா போனை நீட்டி, “இந்த யூடியூப் பாட்டப் போடும்மா” என்பார். இதைச் சிரித்துக்கொண்டே சமாளிக்கிறவரை நான் மதிக்கிறேன். மண்டபத்தில் பார்த்ததையெல்லாம் கதையாக்கு என்றும் யாராவது சொல்வார்கள். எழுதத் தோன்றினால் எழுதுங்கள். அதற்காக அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை.

கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு வரி. காதில் ஙொய்யென்ற சத்தம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு லைசென்ஸுக்குப் போய்விட்டீர்கள். அது அசதி இல்லை, எச்சரிக்கை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வகுத்திருக்கும் கணக்குப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் டிஜே நிற்கும் இடத்தில் 100 என்பது சர்வசாதாரணம், நீங்கள் நிற்பதோ மணிக்கணக்கில். உட்காதில் இருக்கும் நுண்மயிர் செல்கள் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. மானிட்டர், அதாவது டிஜேக்கென்று பக்கத்தில் வைக்கும் ஸ்பீக்கர், அதன் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக ஹெட்போனை ஒரு காதில் வைத்து ஏற்றிக்கொண்டே போகும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும். அடுத்த பாட்டைச் சேர்க்கிற நேரம் மட்டும் மானிட்டரைக் கூட்டுங்கள், சேர்ந்ததும் குறைத்துவிடுங்கள். இசைக் கலைஞர்களுக்கென்றே காதடைப்பான் விற்கிறது. பஞ்சு வைத்தால் மேல் சுரங்கள்தான் அமுங்கும். இந்தக் காதடைப்பான் எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பாட்டு பாட்டாகவே கேட்கும். இந்த மாதமே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் என்கிற செவித்திறன் சோதனையை எடுத்துவிடுங்கள். நாவல் காத்திருக்கும், காது காத்திருக்காது.

‘நம்ம பொண்ணுதானே’ விவகாரத்துக்கு வருகிறேன். இவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பந்தல்காரருக்கும் பிரியாணிக்கும் காசு எடுத்து வைத்தவர்கள், பாட்டுக்கு மட்டும் நட்பை எடுத்து வைக்கிறார்கள். அடுத்த முறை போன் வந்தால் பேச்சோடு விடாமல் வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்புங்கள்: கட்டணம் இவ்வளவு, பாதி முன்பணம், இரவு வீட்டுக்குத் திரும்ப வண்டி உங்கள் பொறுப்பு, பேசிய நேரத்தைத் தாண்டினால் மணிக்கு இவ்வளவு. பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள், அந்த வியாழக்கிழமை உங்களுக்கே திரும்பி வந்துவிடும். வருடத்தில் ஒன்றிரண்டு நிகழ்ச்சி உங்களுக்குப் பிடித்து இலவசமாகச் செய்யுங்கள், அது வேறு கதை. புல்வெளியில் பார்ட்டி என்றால் இரவு 10 மணிக்கு நிறுத்த உங்களுக்குச் சட்டமே துணை. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி, அரசு விலக்களிக்கும் சில விழா நாட்களைத் தவிர, திறந்தவெளியில் 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. “இன்னும் ஒரே ஒரு பாட்டு” என்கிறவரிடம் விதியைச் சொல்லிவிட்டு வயரைச் சுருட்டலாம்.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவில், கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை ஒரு பொது அறிவிப்பாக வெளியிட்டது. அதை போனில் வைத்துக்கொண்டு ரிசார்ட் மேனேஜரிடம் காட்டுங்கள். ஹோட்டல் பார், கம்பெனி பார்ட்டி இதில் வராது, அங்கே லைசென்ஸ் வேண்டும். அதை எடுப்பது இடத்துக்காரர் அல்லது விழா நடத்துகிறவர் வேலை என்று அந்த வாட்ஸ்அப் செய்தியில் ஐந்தாவது வரியாகச் சேர்த்துவிடுங்கள். உங்கள் கதைக்கும் அதே சட்டம்தான். பதிப்புரிமையை எழுத்து மூலமாகத்தான் இன்னொருவருக்கு மாற்ற முடியும். எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் போடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பதிப்பாளர் நீட்டும் தாளில் ‘நிரந்தரமாக’ என்று இருந்தால் பேனாவை மூடி வையுங்கள்.

எப்போது எழுதுவது? ரிசப்ஷன் முடிந்து வந்த இரவில் எழுத முயலாதீர்கள், ஒன்றும் வராது. மறுநாள் காலையும் தூங்குங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை காலை வேளை உங்களுடையது. அதைவிடப் பெரிய வசதி ஒன்றைப் பஞ்சாங்கம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஆடியில் பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். டிஜேக்கள் எல்லாம் ஆடி வந்தால் கையைப் பிசைவார்கள். உங்களுக்கு அது நாவல் மாதம். வைகாசியிலும் ஆனியிலும் வருகிற முன்பணத்தில் ஆடி வாடகையை எடுத்து வைத்துவிட்டு, ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உட்காருங்கள். மார்கழியை நம்ப வேண்டாம். டிசம்பர் 31 இரவு உங்கள் தொழிலில் நல்ல காசு வருகிற இரவு, அப்புறம் புத்தகக் காட்சி வந்துவிடும், நந்தனம் பக்கம் போகாமல் நீங்களும் இருக்கப் போவதில்லை.

பெயர்: வேறு வேறாக இருக்கட்டும். மறைப்பதற்காகச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு டிஜே தேடுகிறவர் இணையத்தில் உங்கள் பெயரைப் போட்டால் கதை விமர்சனமும், கதை தேடுகிறவருக்கு ரிசப்ஷன் வீடியோவும் வந்து நிற்கும், இருவருக்கும் குழப்பம். ஆனால் பணம் மட்டும் பான் கார்டில் இருக்கிற பெயரில், அந்தப் பெயரில் இருக்கிற வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். ஹோட்டல்காரர்கள் கட்டணத்தில் 10 சதவீதத்தை வருமான வரிக்காக (டி.டி.எஸ்.) பிடித்திருந்தால், உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருக்கும் பட்சத்தில், ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கிவிடலாம். இதுவரை தாக்கல் செய்ததில்லை என்றால் இந்த வருடம் தொடங்குங்கள்.